சாவா மூவாப் பேராடுகள்
பழந்தமிழ் நிலைநிதிகளின் வாழ்வும் தேய்வும்

கோயிற் கல்வெட்டுகளைத் தொடர்ந்து பயில்வோர்க்குச் சலிப்புத் தட்டும் அளவிற்குத் திரும்பத் திரும்ப வரும் தொடர் ஒன்று உண்டு. ‘சாவா மூவாப் பேராடு’ என்பது அது. இறப்பும் மூப்பும் இல்லாத, நன்கு வளர்ந்த ஆடுகள் என்பது பொருள். கவிஞர் பெருமக்கள் கூடியிருக்கும் அவையில் இத்தொடரை எடுத்துரைத்தால், யாரோ ஒரு புலவர் தம் கற்பனையில் மேய்த்த மந்தை என்றே எண்ணத் தோன்றும். ஆனால் இதனை ஆக்கியவர் புலவர் அல்லர், கோயிற் கணக்கர். அறநிதி ஒன்றின் முதல் என்றும் குறையாது நிற்றல் வேண்டும் என்னும் சட்டத்தை அவர் ஆட்டின் மேல் ஏற்றிச் சொன்னார்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவினைக் கொண்டாடும் இவ்வேளையில் நிலைநிதி ஒன்றைத் தொடங்க வேண்டும், அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு கவிதை நூலுக்குப் பரிசளிக்க வேண்டும் என்னும் பேச்சு உறுப்பினரிடையே எழுந்துள்ளது. விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் எனக் கேட்கப்பட்டபோது, போர்களையும் பட்டத்து அரசர்களையும் விட்டு, ஆயிரம் ஆண்டுகட்கு முன் நம்மவர் நிலைநிதியை எவ்வாறு வைத்தனர், அது எவ்வாறு நின்றது, எங்கே கரைந்தது என்பதனை ஆராய்வதே தகும் எனக் கருதினேன்.

ஆட்டிலிருந்தே தொடங்குவோம். கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கினை நந்தா விளக்கு என்றும் நொந்தா விளக்கு என்றும் கல்வெட்டுகள் வழங்கும். சோழர் காலத்தில் இத்தகைய விளக்கொன்றை வைக்க விரும்பியவர் பெரும்பாலும் தொண்ணூறு ஆடுகளையோ தொண்ணூற்றாறு ஆடுகளையோ கொடுத்தார். கொடுத்தவருள் அரசியர் உண்டு, வணிகர் உண்டு, படைவீரர் உண்டு, அரண்மனைப் பணிப்பெண்டிர் உண்டு. வேட்டையிற் கைதவறி அம்பெய்து ஒருவனைக் கொன்றுவிட்டவனுக்கு ஊரார் தண்டமாக விதித்த விளக்குகளும் உண்டு. ஆடுகள் இடையன் ஒருவனிடம் ஒப்படைக்கப்பட்டன. அவன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை அவனே நிரப்புதல் வேண்டும். கணக்கேட்டில் ஆடு தொண்ணூற்றாறுதான். நேற்றும் அதுவே, நூறாண்டு கழித்தும் அதுவே. ‘சாவா மூவா’ என்பதன் விளக்கம் இவ்வளவே.

இதன் நுட்பத்தை உணரச் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தல் வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழி. நாளைக்கு ஓர் உழக்கெனின் ஆண்டிற்கு 365 உழக்கு, அதாவது 91 நாழியும் ஓர் உழக்கும். தொண்ணூற்றாறு ஆடுகளுக்கு இதனை வகுத்தால் ஓர் ஆட்டின் மேல் விழுவது ஆண்டிற்கு ஒரு நாழி நெய்கூட இல்லை. மந்தையில் ஒரு பகுதி கறவாமல் நிற்கும். ஒரு பகுதி சினையாயிருக்கும். மழை பொய்த்த ஆண்டில் மேய்ச்சல் குறையும். அத்தனையும் எதிர்பார்த்தே உழக்கு என்னும் அளவு வைக்கப்பட்டதென்று கொள்வதில் தவறில்லை. விஞ்சிய பாலும் மோரும் உரோமமும் கூடுதற் குட்டிகளும் இடையனுக்கு. கோயில் தன் பங்கைக் குறைவாக வைத்துக்கொண்டதனால், மந்தையைக் காப்பதில் இடையனுக்கும் ஆதாயம் இருந்தது. முதலை வைத்திருப்பவன் தானும் பிழைக்கும்படி நிதியை அமைத்த இந்த ஏற்பாடு, காவலன் ஒருவனை நிறுத்துவதனினும் உறுதியான காவலாயிற்று.

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. கடமை நெய்யாகச் சொல்லப்பட்டது, காசாக அன்று. நெய்யின் விலை ஏறினாலும் இறங்கினாலும் விளக்கு எரியும். காசின் மாற்றுக் குறைந்து அது செம்பாகிப் போனாலும் விளக்கு எரியும். பணவீக்கம் என்று நாம் இன்று கூறும் இடர் இந்த மந்தையை அண்டவில்லை.

தஞ்சை இராசராசேசுவரத்தில் இம்முறை ஒரு பேரரசின் அளவிற்கு விரிந்தது. அங்குத் தொண்ணூற்றாறு ஆட்டிற்கு நாற்பத்தெட்டுப் பசு ஈடு, அல்லது பதினாறு எருமை ஈடு. எவ்விலங்காயினும் விளக்கொன்றுக்கு நாளைக்கு ஓர் உழக்கு நெய்யே. எந்த இடையன் எத்தனை விலங்கு பெற்றான், அவனுக்குப் பிணையாக நின்ற உறவினர் யாவர் என்பனவெல்லாம் பெயர் பெயராகக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பேரரசனின் மெய்க்கீர்த்தி பொறித்த அதே கோயிலில் ஆடு மேய்த்தவன் பெயரும் அவன் தம்பி பெயரும் நிற்பதைக் கண்டு வியப்போர் உளர். கணக்கின் கண்கொண்டு நோக்கினால் வியப்பிற்கு இடமில்லை. கடன்பத்திரத்தில் கடனாளியின் பெயர் இருந்துதானே ஆகவேண்டும்?

ஆடு ஒரு வகை. காசும் பொன்னும் மற்றொரு வகை. வட்டியைக் குறிக்கக் கல்வெட்டுகளில் வரும் சொல் பொலி, பொலிசை, பலிசை என்பன. பொலிதல் என்பது பெருகுதல். களத்து மேட்டில் நெற்குவியலைக் கண்டு ‘பொலி, பொலி’ என்று உழவர் கூவும் அதே சொல்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கு 1,400 காசு வைத்தான். ‘முதல் கெடாமைப் பொலி கொண்டு’ செலவு செய்ய வேண்டும் என்பது அவன் விதித்த நெறி. அத்தொகையைக் கோயிற் கருவூலத்தில் பூட்டி வைக்கவில்லை. ஓர் ஊரிடம் மொத்தமாகவும் கொடுக்கவில்லை. கொற்கை முதலான பல ஊர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தான். காசொன்றுக்கு ஆண்டிற்கு இரு கலம் நெல் பொலி. ஆக 2,800 கலம். அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டும் இவ்வாறே 290 காசு இளங்கோக்குடிச் சபையாரிடம் வைக்கப்பட்டு 580 கலம் நெல் பெறப்பட்டதைக் கூறுகிறது. ஓர் ஊரில் குளம் உடைந்தாலும் மற்ற ஊர்கள் அளக்கும் என்பதே திருச்செந்தூர்ப் பங்கீட்டின் உட்கருத்தாகலாம். பொலியை நெல்லாகப் பெற்றதிலும் ஆட்டு நெய்யில் கண்ட அதே எச்சரிக்கை உண்டு.

தஞ்சையில் இக்கணக்கு இன்னும் துல்லியமாயிற்று. இராசராசனின் தமக்கை குந்தவையார் தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் வழிபாட்டிற்கென்று வைத்த காசும், கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் வைத்த காசும் ஊர்ச்சபைகளிடம் பொலிக்கு விடப்பட்டன. காசொன்றுக்கு ஆண்டிற்கு அரைக்கால் காசு பொலி. நூற்றுக்குப் பன்னிரண்டரை. நெல்லாக அளப்பதாயின் காசொன்றுக்கு முக்குறுணி. பன்னிரு குறுணி ஒரு கலம் ஆதலின் ஒரு காசு இரண்டு கலம் நெல்லுக்கு நேர் என்பது இதனாற் பெறப்படும். திருச்செந்தூரில் ஒரு காசின் பொலியே இரு கலம். தஞ்சையில் ஒரு காசின் விலையே இரு கலம். காசும் கலமும் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப வேறுபட்டன ஆகலின், இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்து முடிவு காண்பது பொருந்தாது. காசை மட்டும் நம்பி ஆயிரமாண்டுக் கணக்கு எழுத இயலாது என்பதற்கு மட்டும் இது சான்றாகும்.

இராசராசேசுவரத்தின் செலவுகளை வகைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. திருமேனிகளின் அமுதுபடி, ஏலம், சண்பகமொட்டு, கருப்பூரம் போன்ற சில்லறைச் செலவுகளே பொலிக் காசில் நடந்தன. விளக்கு கால்நடையில் எரிந்தது. ஆடல்மகளிர் நானூற்றுவர்க்கு ஆளுக்கு ஆண்டிற்கு நூறு கலம், இசைப்போர், கணக்கர், மெய்காவலர் என்று விரிந்த பெருஞ்செலவு முழுவதும் ஊர்களின் நிலவருவாயைச் சார்ந்தது. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வோர் நாற்பத்தெண்மரும், உடுக்கை வாசிப்பான் ஒருவனும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் ஆக ஐம்பதின்மர்க்கு நாளொன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல். அஃது ஒரு நாளைக்குப் பன்னிரண்டரைக் கலம்; ஆண்டிற்கு 4,562 கலத்துக்கு மேல். இதனை அரைக்கால் பொலியில் நடத்த முற்பட்டிருந்தால் இவ்வொன்றுக்கே 18,250 காசு முதல் வேண்டியிருக்கும். அத்தனை காசையும் பொலிக்கு வாங்கும் ஆற்றல் எந்தச் சபைக்கு உண்டு? ஆகவே நாள்தோறும் வயிற்றுக்குப் போக வேண்டியதை மண்ணின் மேல் வைத்தனர். காசை நம்பி ஒருவர் பிழைப்பை வைக்கவில்லை.

ஓதுவார்க்கு விதித்த நிபந்தனை என் நெஞ்சைத் தொட்டது. அவருள் ஒருவர் இறந்தாலோ அயலூர் சென்றாலோ அவருடைய உறவினர் அவ்விடத்தில் நின்று பாட வேண்டும்; உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய பிறரை அமர்த்த வேண்டும். எண்ணிக்கை ஐம்பது, அது குறையலாகாது. சாவா மூவாப் பேராடு போலச் சாவா மூவாப் பாடகர்! ஆட்டுக்கு விதித்த சட்டம் ஆளுக்கும் நீண்டது என்று நகைக்கலாம். ஆனால் தேவாரப் பாடல்கள் தலைமுறை கடந்து செவிவழி நிலைத்ததில் இந்த முக்குறுணிக்குப் பங்குண்டு என்பதை மறத்தலாகாது.

இந்நிதிகள் இசைக்கும் விளக்குக்கும் மட்டும் உதவவில்லை. முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரத்தில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரி நிலக்கொடையால் நடந்தது. வீரராசேந்திரன் காலத்தில் திருமுக்கூடலில் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை இருந்தது. இவை பலரும் அறிந்த செய்திகள்.

படைப்பாளிகளாகிய நமக்கு மேலும் நெருக்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1057ஆம் ஆண்டை ஒட்டி, தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்கென்று சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவனுக்கும் அவன் வழியினர்க்கும் ஆண்டுதோறும் 120 கலம் நெல் வழங்க ஆணையிட்டான். அந்த ஆணை கல்லில் இருக்கிறது. நாடகம் இல்லை. அதன் ஒரு வரி கூட நம் கைக்கு எட்டவில்லை. அது யாது கூறிற்று, எவ்வாறு தொடங்கிற்று, இராசராசனை மேடையேற்றிற்றா, கோயில் கட்டிய கதையைச் சொல்லிற்றா என்பன எல்லாம் ஊகங்களே. திரிபுவனியில் குலோத்துங்க சோழ சரிதை பாடிய திருநாராயண பட்டரின் நிலையும் இதுவே. அவர் பெற்ற நிலத்தின் அளவு தெரியும். அவர் பாடிய காவியம் தெரியாது. படைப்புக்கு அளந்த நெல்லைக் கல்லில் வெட்டியவர்கள் படைப்பைக் கல்லில் வெட்டவில்லை. அதனை ஏட்டுக்கும் மனிதர் நினைவுக்கும் விட்டனர். இரண்டும் கைவிட்டன. பரிசுத் தொகை பற்றி மட்டும் பேசி, பரிசு பெற்ற நூலை அச்சில் வைத்திருப்பது பற்றிப் பேசாத இலக்கிய அமைப்புகள் இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, காத்தவர் யார் என்னும் வினா. கொடைக் கல்வெட்டின் ஈற்றில் ‘சந்திராதித்தவல்’ என்று வரும். சந்திர சூரியர் உள்ளளவும் என்பது பொருள். ‘பன்மாகேசுவரர் இரட்சை’ என்றும் வரும். இவை வேண்டுதல்கள். நடைமுறையில் காத்தவை ஊர்ச்சபையும் அதன் வாரியங்களுமே. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பள்ளிப் பாடநூல் வரை புகழ்பெற்றுவிட்டன. மக்களாட்சியின் பெருமைக்கு அவற்றை மேற்கோள் காட்டுவோர், அவற்றுள் உள்ள கணக்கு விதியை அவ்வளவாக எடுத்துரைப்பதில்லை. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது. அவன் மட்டுமல்லன், அவன் சிற்றப்பன் பெரியப்பன் மக்கள், மாமன், மருமகன் என்று நீளும் உறவினர் பட்டியல் முழுவதும் விலக்கப்பட்டது. முப்பத்தைந்து வயதிற்குக் குறைந்தவரும் எழுபதைக் கடந்தவரும் கூடாது. தங்கத்தின் மாற்றுக் காணப் பொன் வாரியம் என்றே தனி வாரியம் இருந்தது. ஒருவன் கணக்குக் காட்டாமைக்கு அவன் உறவினரையும் பொறுப்பாக்கியது இன்றைய நோக்கில் கொடிதாகத் தோன்றலாம். உறவுமுறையாலேயே பதவிகள் கைமாறிய ஊரில் வேறெவ்வாறு தடுத்திருக்க முடியும் என்று தெரியவில்லை.

இதுகாறும் கூறியவற்றைப் படித்து, நம் முன்னோர் குற்றமற்ற நிதிமுறை கண்டனர் என்று பெருமிதம் கொள்ளப் புகுவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். அம்முறைக்குள்ளேயே ஒரு நோய் இருந்தது. சபை ஒரு தொகையை வாங்கிக்கொண்டு என்றென்றைக்கும் பொலி தருவதாக ஒப்புக்கொள்ளும். வேறொரு தொகையை வாங்கிக்கொண்டு ஒரு நிலத்தை இறையிலியாக்கி, அதற்கு அரசனுக்குச் செலுத்த வேண்டிய வரியைச் சந்திராதித்தவல் தானே செலுத்துவதாகவும் ஒப்புக்கொள்ளும். வாங்கிய காசு அந்தத் தலைமுறையில் ஏரிக்கோ வரிக்கோ வேறெதற்கோ செலவாகிவிடும். கடமையோ பேரன் பேத்தியர் தலையில் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கொடையும் தனித்தனியே நோக்கின் அறம். நூறு கொடைகள் சேர்ந்தால் ஊருக்குச் சுமை. கோயிலின் ஏட்டில் முதலாகத் தோன்றியது ஊரின் ஏட்டில் தீராக் கடனாக நின்றது. இடையனிடம் மந்தை கண்முன் மேய்ந்துகொண்டிருந்தது. சபையிடம் காசு சென்றபின் அதற்கு ஈடாக நின்றது சபையின் வாக்கு ஒன்றே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நிலம் சிலர் கையில் குவிந்து, சபைகள் தளர்ந்து, சோழர் ஆட்சியும் 1279ஆம் ஆண்டளவில் முடிவுற்றபோது, கல்லில் எழுதிய பொலியை யாரிடம் சென்று கேட்பது? முதல் கெடவில்லை என்றே கல்வெட்டு இன்றளவும் கூறிக்கொண்டிருக்கிறது.

பஞ்சம் வந்தபோது இவ்வுறவு எப்படியெல்லாம் திரிந்தது என்பதற்கு இரு நிகழ்ச்சிகளைக் காட்டலாம். பதினொன்றாம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சைப் பகுதி ஆலங்குடியில் காலம் பொல்லாததாயிற்று. உண்ண நெல்லும் விதைக்க வித்தும் இன்றித் தவித்த சபையார் கோயிலின் பொன்னணிகளையும் வெள்ளிக் கலங்களையும் கடனாகப் பெற்று உயிர் பிழைத்தனர். ஈடாக நிலத்தைக் கோயிலுக்கு விட்டனர். இறைவனின் நகை ஊரின் வயிற்றுக்குப் பயன்பட்டது. இருப்புநிதி என்பது எதற்காக என்று கேட்பார்க்கு இதனினும் நல்ல விடை இல்லை என்பது என் கருத்து. அதற்கு ஊர் கொடுத்த விலை நிலம் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

மற்றது 1201ஆம் ஆண்டு, மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், திருப்பாம்புரத்தில் நிகழ்ந்தது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற கொடும் பஞ்சம். வேளாளன் ஒருவன் தன் மகளிர் இருவரோடு தன்னையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டான். கணக்கைப் பாருங்கள். 110 காசுக்கு அன்றைய விலையில் கிடைப்பது 330 நாழி. கலத்துக்குத் தொண்ணூற்றாறு நாழி எனின் மூன்றரைக் கலமும் இல்லை. தஞ்சையில் ஓர் ஓதுவார் நாளொன்றுக்குப் பெற்றது முக்குறுணி, அதாவது இருபத்துநான்கு நாழி. அளவைகள் ஊருக்கூர் சற்று மாறும் என்பதைக் கழித்தாலும், மூன்று உயிர்களின் விலை ஒரு பாடகரின் பதினான்கு நாட்படியை எட்டவில்லை. இருநூறாண்டுக்கு முன் இரு கலம் நெல் தந்த காசு இப்போது மூன்று நாழி தந்தது. அந்தக் காசும் இந்தக் காசும் ஒரே மாற்றுடையன அல்ல. பஞ்ச விலையும் இயல்பான விலை அன்று. எனினும் அந்த ஆண்டில் நெல் இருந்த இடம் கோயில். நெல் இல்லாத இடம் ஊர். நாட்டில் அறத்துக்கென்று வைத்த இருப்பு, ஊரார் பசித்திருந்த நாளில் அவர்களையே விலைக்கு வாங்கிற்று. நிலைநிதிகளின் வரலாற்றில் இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு ஆட்டுக்கணக்கின் அழகை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

விசயநகர காலத்தில் திருப்பதியில் வேறொரு வழி கண்டனர். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் அன்பர் வைத்த காசை வட்டிக்கு விடாமல், கோயிலுக்கு உரிய ஊர்களில் கால்வாயும் ஏரியும் வெட்டுவதற்குச் செலவிட்டனர். அதனால் மிகுந்த விளைச்சலிலிருந்து கொடையாளர் விரும்பிய அமுதுபடி நடந்தது. பர்ட்டன் ஸ்டைன் என்னும் வரலாற்றறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். கடனாளியின் வாக்கை நம்புவதினும் ஓடும் நீரை நம்புவது மேல் என்று அக்காலத்தார் கருதினர் போலும்.

ஆங்கிலேயர் காலத்தில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறலாம். 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதியால் சென்னை மாகாண அரசு அறநிலையங்களை மேற்பார்வையிடத் தொடங்கியது. பல கோயில்களின் நிலவருவாய்க்கு ஈடாகத் தஸ்திக் என்னும் பெயரில் ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட தொகை வழங்கப்பட்டது. அது நெல்லாகவோ நெய்யாகவோ சொல்லப்படவில்லை, ரூபாயாகச் சொல்லப்பட்டது. தொகை மாறவில்லை. ரூபாய் மாறியது. பூசை நடத்தப் போதுமானதாயிருந்த தொகை, பிற்காலத்தில் ஒரு வேளை விளக்கெண்ணெய்க்கும் போதாததாயிற்று. கல்லெழுத்து அறிந்த கணக்கன் ஒருவன் அன்று அருகில் இருந்திருந்தால் உழக்கு என்று எழுதச் சொல்லியிருப்பான்.

நம் காலத்து அறக்கட்டளைச் சொற்பொழிவுகளின் நிலையை இங்கு நினைத்துப் பார்க்கலாம். 1990களின் நடுவில் வங்கியில் நீண்டகால வைப்புக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வரை வட்டி கிடைத்தது. ஏறக்குறைய இராசராசனின் அரைக்கால் பொலி! அக்காலத்தில் பத்தாயிரம் ரூபாயை வைத்து, ஆண்டிற்கு ஆயிரத்துக்கு மேல் வரும் வட்டியில் பேச்சாளர்க்குப் பயணச் செலவும் பொன்னாடையும் கொடுத்துவிட முடிந்தது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் வட்டி அதில் பாதிக்கும் கீழிறங்கியது. விலைகளோ ஏறிக்கொண்டே வந்தன. வைப்புச் சீட்டில் பத்தாயிரம் அப்படியே இருக்கிறது. சொற்பொழிவு சில இடங்களில் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று. சில இடங்களில் நின்றேபோயிற்று. எவரும் ஒரு காசைத் திருடவில்லை. வந்த வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவழித்ததே இதற்குக் காரணம். பணத்தின் மதிப்புக் குறைவதற்கு ஈடாக வட்டியில் ஒரு பகுதி முதலோடு சேர்ந்திருந்தால் அதுவே குட்டி. அந்தக் குட்டியையும் சேர்த்தே நாம் உண்டுவிட்டோம்.

நம் வட்டத்தின் நிலைநிதிக்கு வருவோம். தொகை இன்னும் திரளவில்லை. ஆயினும் விதியை முன்னரே எழுதிவிடுவது நன்று. பொதுக்குழுவின் பார்வைக்கு மூன்று விதிகளை வைக்கிறேன். முதலாவது, பரிசை இத்தனை ஆயிரம் ரூபாய் என்று எழுதாமல், நூறு பக்கக் கவிதை நூல் ஒன்றை ஐந்நூறு படிகள் அச்சிட்டுக் கட்டம் செய்ய அவ்வாண்டில் ஆகும் செலவு என்று எழுத வேண்டும். அதுவே நம் உழக்கு. அச்சகத்தார் தரும் விலைப்பட்டியலே ஆண்டுதோறும் தொகையை முடிவு செய்யட்டும். இரண்டாவது, வட்டியில் பாதிக்கு மேல் எந்த ஆண்டும் எடுக்கலாகாது. எஞ்சியது முதலோடு சேர வேண்டும். பாதி வட்டி அந்தச் செலவுக்கு எட்டாத ஆண்டில் பரிசு இல்லை என்று அறிவிக்கும் துணிவு நமக்கு வேண்டும். மூன்றாவது, கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் படிக்காத பொருளாளர் மீண்டும் எப்பொறுப்புக்கும் வரலாகாது. அவருடைய சிற்றப்பன் பெரியப்பன் மக்களை இம்முறை விட்டுவிடலாம்.

இரண்டாம் விதிக்கு எதிர்ப்பு வரும் என்பதை அறிவேன். பரிசு வழங்காத ஆண்டில் வட்டம் செயலற்றுப் போனதாகப் பிறர் பேசுவர், இளங்கவிஞர் மனம் சோர்வர் என்று நண்பர் சிலர் இப்போதே கூறுகின்றனர். அவர்கள் கூற்றில் பொருள் இல்லாமல் இல்லை. சித்திரைக் கூட்டத்தில் இதனை விரிவாகப் பேசுவோம். அன்பர்கள் தங்கள் கருத்தை முன்கூட்டியே எழுத்தில் தந்தால் குறிப்பேட்டில் பதிந்து வைக்க வசதியாயிருக்கும்.